நாலாம் புத்தகத்தில் எல்லாருக்கும் ஒரே முகம்

உங்கள் கூட்டத்துக்கு வந்து ஏதாவது பேசுங்கள் என்று கேட்டீர்கள். ஐந்து பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் ஒருவர் வாசியுங்கள். நான் கடைசி வரிசை வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். பிழை இருந்தால் வாசிக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

படம் கீறுவது எப்படி என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் கத்தியால் வெட்டினேன், நீங்கள் கணினியில் கீறுகிறீர்கள். கண் மங்கி ஐம்பத்திரண்டு வயதில் கத்தியைக் கீழே வைத்தவன் உங்களுக்குத் தொழில் சொல்லித்தர வரக்கூடாது. ஆனால் போன மாதம் தேநீர் குடிக்கும்போது உங்களில் ஒருவர் கேட்டார்: "அண்ணை, பழைய அச்சகக்காரர் எல்லாம் உங்களை 'ஒருமுகம்' எண்டு சொல்லுகினம். அது ஏன்?" நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அவருக்கு அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இது. நீங்களும் இப்போது தேர்தல்காரருக்குப் படம் கீறுகிறீர்கள். அதனால் மற்றவர்களும் கேட்கலாம்.

எண்பத்தெட்டாம் ஆண்டின் கடைசி. மாரி மழை. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு வேலை. கலியாண அழைப்பிதழுக்குக் குத்துவிளக்கு, கோயில் நோட்டீசுக்குத் தேர், சுருட்டுப் பெட்டிக்குச் சேவல். இவற்றைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். அலுவலகத் தரைக்கு விரிக்கும் தடித்த லினோலியத்தில் படத்தை வெட்டி மரக்கட்டையில் ஒட்டிக் கொடுத்தால், எழுத்தோடு சேர்த்து அச்சடிப்பார்கள்.

பாராளுமன்றத் தேர்தல் வருகிறது என்றார்கள். அப்படி ஒன்று நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தெருவில் இந்திய ஆமி. சந்திக்குச் சந்தி துவக்கோடு வேறு வேறு ஆட்கள். யார் யாருடைய ஆள் என்று கேட்கவும் முடியாது, தெரியாமல் இருக்கவும் முடியாது. ஒரு வேட்பாளர் கூட்டம் போட்டால் நாலு பேர் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். அந்த நாலு பேரையும் வேறு யாரோ நின்று பார்ப்பார்கள்.

அப்போதுதான் வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். எல்லாரும் சேர்வேயர் ஐயா என்பார்கள். ஒரு சுயேச்சைக் குழுவில் வேட்பாளராக நின்றார். குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்:

"நான் பேச்சாளன் இல்லை. மேடை போட்டாலும் சனம் வரப் பயப்பிடுது. அவை என்னட்டை வராட்டி நான் அவையின்ரை வீட்டுக்குள்ளை போக வேணும். எப்பிடிப் போறது?"

"நோட்டீஸ் அடிப்பம், ஐயா," என்றார் முதலாளி.

"நோட்டீசிலை கடலை சுத்துவினம். படக்கதை எண்டால் பிள்ளையள் எடுத்து வைச்சிருக்குங்கள். பிள்ளையள் வைச்சிருந்தால் தாய் பாப்பாள். தாய் பாத்தால் தேப்பனுக்குச் சொல்லுவாள்."

அப்படித் தொடங்கியது அந்த வேலை. கிழமைக்கு ஒரு புத்தகம், எட்டுப் பக்கம். தேர்தல் முடியும்வரை ஐயாவின் வாழ்க்கையைப் படக்கதையாகப் போடுவது. அவர் கதை சொல்ல நான் படம் கீற வேண்டும். வசனத்தை அவரே எழுதுவார். என்னிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "தம்பி, என்ரை வழுக்கையை மறையாதேயும். ஊருக்கே தெரிஞ்ச வழுக்கை. அதை மறைச்சால் மிச்சமும் பொய் எண்டு நினைப்பினம்."

தான் வெல்வேன் என்பதற்கு ஒரு கணக்கும் வைத்திருந்தார். "நான் நாப்பது வருசம் வேலி அளந்தனான். ஒவ்வொரு வேலிக்கும் ஒரு பக்கத்தான் என்னைக் கும்பிட்டான், மற்றப் பக்கத்தான் திட்டினான். ஆனபடியால் பாதிச் சனம் எனக்குத்தான்."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "எங்கடை பக்கம் கடலுக்கு வேலி இல்லை, ஐயா. அங்கை உங்களுக்கு ஒரு வோட்டும் இல்லை."

அது புத்தகம் கட்டும் அக்கா. குருநகரிலிருந்து சைக்கிளில் வருபவர். அச்சடித்த தாள்களை மடித்து, தைத்து, புத்தகமாக்குவது அவர் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அவருடைய பெயரை எழுதவில்லை, அவர் விரும்பமாட்டார். ஒரு நாளும் அவர் ஒரு கோடு கீறியதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு யாராவது வழிகாட்டினார்கள் என்றால் அது அவர்தான்.

முதல் புத்தகத்தில் ஐயா சின்ன வயதில் உடுவிலில் ஒரு காணி அளக்கப் போகும் காட்சி வந்தது. வேலி வாசலுக்கு எனக்கு ஒரு படலை வேண்டியிருந்தது. மனத்திலிருந்து கீறாமல், சைக்கிளில் உடுவிலுக்குப் போய்ப் பார்த்த ஒரு படலையை அப்படியே கீறினேன். புத்தகம் வெளியான அடுத்த கிழமை, சனம் என்ன சொல்கிறது என்று அறிய அந்தப் பக்கம் போனேன். ஒரு கடை வாசலில் இரண்டு பெண்கள் புத்தகத்தை வைத்துச் சண்டை.

"உது எங்கடை படலை. கொண்டி உடைஞ்சு கிடக்குப் பார்."

"உங்கடை படலையடியிலை எப்ப முருங்கை நிண்டது?"

"முருங்கை போன புயலுக்கு விழுந்தது. உவன் அதுக்கு முந்திக் கீறியிருப்பான்."

ஐயாவைப் பற்றி ஒருத்தியும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். "சனம் ஐயாவைப் பாக்கேல்லை, அக்கா. தங்கடை படலையைத்தான் பாக்குது."

"கண்ணாடியைக் குடுத்தால் ஆர் மற்றவனைப் பாப்பான்?" என்றார் அவர், ஊசியில் நூலைக் கோத்தபடி.

அவர் சொன்னதில் ஒரு எச்சரிக்கை இருந்திருக்கலாம். எனக்கு அது புகழ்ச்சியாகத்தான் கேட்டது. நான் கூச்ச சுபாவக்காரன். ஒருவரின் முகத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் கதைக்க என்னால் முடியாது. ஆனால் கையில் பென்சில் இருந்தால் எவ்வளவு நேரமும் பார்ப்பேன். அழைப்பிதழ் வெட்டியதில் மிஞ்சிய மட்டைத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் போய், கடைத் தூணுக்குப் பின்னால் நின்று கீறத் தொடங்கினேன். இரண்டாம் புத்தகத்தில் உண்மையான கிணறு, உண்மையான பஸ். சனம் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தது. கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க எனக்கு ஆசை கூடியது. யாரிடமும் நான் கேட்கவில்லை. படலையிடம் யார் கேட்பார்கள்? அப்படியே மனிதரிடமும் கேட்காமல் விட்டேன்.

மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு, கொடிகாமம் சந்தையில் ஒரு வியாபாரி ஐயாவுக்கு மாலை போடுவதாக ஒரு காட்சி வேண்டும் என்றார்கள். உண்மையில் ஐயா கொடிகாமம் போய் இரண்டு புடலங்காய் வாங்கிக்கொண்டு வந்தாரே தவிர, அங்கே யாரும் அவருக்கு மாலை போடவில்லை. தேர்தல் படக்கதையில் இந்த அளவு கூட்டிச் சொல்வது வழக்கம்தானே என்று எல்லாரும் விட்டுவிட்டோம். மாலை போட ஒரு மனிதர் வேண்டும். என் சட்டைப் பையில் ஒரு முகம் இருந்தது.

அவர் அந்தச் சந்தையில் தேங்காய் விற்பவர். இரண்டு தேங்காய்களை ஒன்றோடொன்று தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டு, வாங்க வந்த பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது கீறினேன். சேர்ந்த புருவம். இடப்பக்கம் சற்றுக் கோணிய மூக்கு. முன்பல்லில் நீக்கல். சின்ன வயதில் கடுக்கன் போட்டு நீண்ட காது. அதுவரை நான் கீறிய முகங்களிலேயே நல்ல முகம் அதுதான். கையிலிருந்த தேங்காயை எடுத்துவிட்டு மாலையைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை புத்தகம் வெளியே போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அந்த முகம் எங்கள் அச்சக வாசலில் நின்றது.

மழையில் நனைந்து வந்திருந்தார். சாரத்து மடியிலிருந்து மூன்றாம் புத்தகத்தை எடுத்தார். "ஆர் இதைக் கீறினது?"

யாரும் என்னைக் காட்டவில்லை. நானே எழும்பினேன்.

"தம்பி, நான் உம்மைக் கண்டதில்லை. நீர் என்னை எங்கை கண்டனீர்?"

"சந்தையிலை, ஐயா."

"எத்தினை தரம்?"

"ஒருக்கா. கால் மணித்தியாலம்."

"கால் மணித்தியாலத்திலை மூக்குக் கோணினது வரைக்கும் எடுத்துப்போட்டீர். என்ரை மனிசிக்கு அது தெரிய ரண்டு வருசம் பிடிச்சது."

அச்சு யந்திரம் மிதிப்பவர் சிரித்துவிட்டார். வந்தவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு நின்ற பிறகு மெதுவாகச் சொன்னார்.

"முதல் நாள் சந்தையிலை பகிடி பண்ணிச்சினம். மாலை எவ்வளவுக்கு வாங்கினனீ எண்டு கேட்டினம். அது போகட்டும். நேற்றுக் காலமை ஒருத்தன் வந்தான். முந்திக் கண்டதில்லை. இந்தப் புத்தகத்தை விரிச்சு, இந்தப் பக்கம் தெரியிற மாதிரித் தேங்காய்க் குவியலுக்கு மேலை வைச்சான். ஒண்டும் கதைக்கேல்லை. தேங்காயும் வாங்கேல்லை. போட்டான்."

"ஆரின்ரை ஆள்?" என்று கேட்டார் முதலாளி.

"தெரிஞ்சால் அங்கை போய்க் கதைச்சிருப்பன். இஞ்சை ஏன் வாறன்?"

"கொஞ்ச நாளைக்குச் சந்தைக்குப் போகாமல் நில்லுங்கோவன்."

"நிண்டால், ஓம் நான்தான் எண்டு சொன்ன மாதிரி. பேந்து வீட்டை தேடி வருவான். வீட்டிலை மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்." புத்தகத்தை மேசையில் வைத்தார். "நான் அந்தச் சேர்வேயரோடை ஒருக்காலும் கதைச்சதில்லை, தம்பி. வோட்டுப் போடவே யோசிக்கேல்லை. எனக்கு ஏன் மாலையைத் தந்தனீர்?"

நீங்கள் நல்ல முகமாக இருந்தீர்கள் என்று சொல்லலாமா?

முதலாளி ஆள் அனுப்ப, சேர்வேயர் ஐயா வந்தார். நாங்கள் ஐந்து பேர் அந்த மேசையைச் சுற்றி நின்றோம். இளையவர்களே, இந்த அரை மணித்தியாலத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். அச்சகத்தில் எல்லாப் பிழைக்கும் ஒரு திருத்தம் உண்டு என்று நான் நம்பியிருந்தேன். வெளியே போய்விட்ட பிழையை எப்படித் திருத்துவது?

முதலாளி சொன்னார், ஆட்களை அனுப்பி எல்லாப் புத்தகத்தையும் திருப்பி வாங்குவோம் என்று. ஐயா சொன்னார், தன் பெயரில் ஒரு நோட்டீஸ் அடிப்போம்: இந்தப் படத்தில் இருப்பவருக்கும் எமக்கும் சம்பந்தம் இல்லை, தவறுக்கு வருந்துகிறோம். நேர்மையான மனிதர், அவருக்கு அதுதான் நேரான வழியாகத் தெரிந்தது. எனக்கும் நல்ல யோசனையாகப் பட்டது.

அக்கா தாள் மடித்துக்கொண்டே கேட்டார். "ஐயா, இந்தப் படம் இவர்தான் எண்டு இப்ப எத்தினை பேருக்குத் தெரியும்? கொடிகாமத்திலை கொஞ்சப் பேருக்கு. நோட்டீஸ் அடிச்சால் சாவகச்சேரிக்கும் தெரியும், பருத்தித்துறைக்கும் தெரியும். நம்பாதவன் எல்லாம் இன்னும் நம்பமாட்டான். புத்தகத்தைத் திருப்பி வாங்கினால், ஏன் வாங்கிறாங்கள் எண்டு எல்லாரும் எட்டாம் பக்கத்தைத்தான் தேடுவினம்."

"அப்ப என்ன செய்யிறது?" என்றார் தேங்காய்க்காரர். கோபம் போய், அந்தக் குரலில் வேறு ஏதோ வந்திருந்தது.

அக்கா கையை நிறுத்தினார். "எங்கடை கடலிலை ஒரு திருக்கை தனியப் போனால் கரையிலை நிக்கிறவனுக்கும் தெரியும். சாளைக் கூட்டம் போனால் எந்தச் சாளை எண்டு ஆர் கேப்பான்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நாலாம் புத்தகத்திலை எத்தினை பேர் வருகினம்?"

"முப்பது பேர் மட்டிலை."

"எல்லாருக்கும் இவரின்ரை முகத்தைப் போடும்."

அக்கா விரலால் எண்ணத் தொடங்கினார்.

"ஐயாவோடை நிக்கிறவனுக்கு மட்டும் போட்டால் காணாது. வேலிச் சண்டைக்காரனுக்கும் போடும். ஐயாவுக்குக் கல்லெறியிறவனுக்கும் போடும். பொலிசுக்கும் போடும், பஸ் கொண்டக்டருக்கும் போடும். உந்தப் படக்காரனுக்கு ஒரு முகம்தான் கீறத் தெரியும் எண்டு சனம் சொல்ல வேணும்."

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த மனிதரின் உயிரை நான் முதலில் நினைக்கவில்லை. பாதி வெட்டி முடிந்திருந்த நாலாம் புத்தகத்தை நினைத்தேன். அதில் ஒரு வேலிச் சண்டை இருந்தது. பத்துப் பேர், பத்து விதமான கோபம். அதைப்போல் ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் வெட்டவில்லை.

"சனம் சிரிக்கும், அக்கா," என்றேன்.

"சிரிக்கத்தான் வேணும். சிரிக்கிற சனம் தேடாது."

எல்லாரும் ஐயாவைப் பார்த்தார்கள். அது அவருடைய தேர்தல், அவருடைய புத்தகம். சிரிப்புக்கு இடமானால் அவருடைய வாழ்க்கைக் கதைக்குத்தான் நட்டம். இத்தனை வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே மேடை அது. அவர் எட்டாம் பக்கத்தை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தேங்காய்க்காரரின் காலைப் பார்த்தார். சேறு முழங்கால் வரை இருந்தது.

"நான் நாப்பது வருசம் அளந்தவன்," என்றார். "இதிலை எது நீளம், எது கட்டை எண்டு பாக்க அளவுச் சங்கிலி தேவையில்லை. போடும், தம்பி." கதவருகே போனவர் திரும்பினார். "என்ரை முகத்தையாவது எனக்கு விடுவியளோ?"

"உங்களுக்கு வழுக்கை இருக்கு, ஐயா. அதை விடுவம்," என்றார் அக்கா.

ஒரே முகத்தை முப்பது பேருக்குப் போடுவதென்றால் எனக்கு அது எல்லாப் பக்கத்தாலும் வேண்டும். என்னிடம் இருந்தது இடப்பக்கம் மட்டும். நான் தேங்காய்க்காரரிடம் போனேன். என் வாழ்க்கையில் ஒரு மனிதரிடம் அதை நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

"ஐயா, உங்களை இன்னும் ஒருக்காக் கீறட்டோ?"

"ஒருக்காக் கீறினதுக்கே இந்தப் பாடு," என்றார். ஆனாலும் கடதாசிக் கட்டின் மேல் ஏறி இருந்து முகத்தைத் திருப்பித் தந்தார். கொஞ்ச நேரத்தில் அவரே கேட்கத் தொடங்கினார்.

"பொலிசுக்கும் நானோ?"

"ஓம், ஐயா."

"தொப்பியை வடிவாப் போடும். மனிசி பாப்பாள். கல்லெறியிறதும் நானோ?"

"ஓம்."

"ஆருக்கு எறியிறன்?"

"சேர்வேயர் ஐயாவுக்கு."

"அது பரவாயில்லை," என்றார் தேங்காய்க்காரர். "அவர் வந்த அண்டைக்கு என்னட்டைத் தேங்காய் வாங்காமல் புடலங்காயோடை போனவர்."

இரண்டு நாளில் எல்லாவற்றையும் புதிதாக வெட்டினேன். என்னுடைய பத்துக் கோபங்களையும் சுரண்டி எறிந்தேன். வியாழக்கிழமை தாள்களை மடித்துக்கொண்டிருந்த அக்கா, நடுவில் ஊசியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். வேலியின் இந்தப் பக்கம் ஐந்து தேங்காய்க்காரர், அந்தப் பக்கம் ஐந்து தேங்காய்க்காரர், ஒருவரை ஒருவர் மண்வெட்டியால் அடிக்கப் போகிறார்கள். தேங்காய்க்காரப் பொலிஸ் ஒருவர் நடுவில் நின்று தடுக்கிறார்.

சனிக்கிழமை கொடிகாமத்துக்குப் போனேன். பழைய தூணுக்குப் பின்னால் நின்றேன். பென்சில் கொண்டு போகவில்லை.

வெங்காயம் விற்பவர் ஒருவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். "அண்ணை, உங்களைப் பொலிசிலை எடுத்திட்டாங்களாம். எங்களுக்குச் சொல்லவே இல்லை."

"நல்லாப் பார். கள்ளனும் அவர்தான்," என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"உந்தப் படக்காரனுக்கு ஒரு முகம்தான் பாடம் போலை."

"தன்ரை தேப்பன்ரை முகமாக்கும். வேறை ஆரையும் கண்டிருக்கமாட்டான்."

தேங்காய்க்காரர் தேங்காயைத் தட்டிக் காதில் வைத்தபடி சொன்னார்: "போன கிழமை மாலை போடவிட்டான். இந்தக் கிழமை கல்லெறியவிட்டான். வாற கிழமை என்னைப் பிள்ளை பெறவும் விடுவான். நில்லுங்கோ, பாப்பம்."

சந்தை சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. என்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் எரிந்தது. அவர்கள் சிரித்தது இருபது வருடமாகக் கத்தி பிடித்த கையைப் பார்த்து. இருந்தும் நான் அங்கிருந்து போகவில்லை. ஒரு சிரிப்பு எப்படிப் பரவுகிறது என்று பார்க்க எனக்கு விருப்பமாக இருந்தது. தேங்காயிலிருந்து வெங்காயத்துக்குப் போனது, வெங்காயத்திலிருந்து வெற்றிலைக்குப் போனது. போகப் போக அந்த முகத்திலிருந்து அந்த மனிதர் கழன்று போனார். கடைசியில் நின்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை அவர் மறுபடி அச்சகத்துக்கு வந்தார். இந்தமுறை கையில் இரண்டு தேங்காய்.

"அவன் வந்தவன்," என்றார். நாங்கள் எல்லாரும் வேலையை நிறுத்தினோம். "வந்து நிண்டான். என்னைப் பாத்தான். தேங்காயைப் பாத்தான். விலை கேட்டான். சொன்னன். 'என்ன இந்த விலை, குறையுங்கோ' எண்டான்." ஒரு நல்ல செய்தி சொல்வதுபோல் மறுபடி சொன்னார். "குறைக்கச் சொன்னான், தம்பி."

"குறைச்சனீங்களோ?" என்றார் அக்கா.

"சீச்சீ. குறைச்சால் பயந்திட்டன் எண்டு நினைப்பான்."

இனிப் பழையபடி வெவ்வேறு முகம் கீறலாம்தானே என்று முதலாளி என்னிடம் கேட்டார். அந்த இடத்தில்தான் நானாக ஒரு முடிவு எடுத்தேன். முடியாது என்றேன். நாலாம் புத்தகத்தில் மட்டும் ஒரே முகம் என்றால், அதற்குக் காரணம் என்ன என்று யாராவது ஒருவன் யோசிப்பான். ஐந்தாம் புத்தகத்திலும் அதே முகம். ஆறாம் புத்தகத்திலும் அதே முகம். வாக்களிப்புக்கு முதல் கிழமை வந்த கடைசிப் புத்தகம் வரைக்கும் ஐயா ஒருவரே மனிதர், மற்றவர்கள் எல்லாரும் தேங்காய்க்காரர்.

ஐயா தோற்றார். மிச்சப் புத்தகங்களை எடுக்க வந்த அன்று, "எனக்கு வோட்டுப் போட்டவையைவிட என்ரை புத்தகத்துக்குச் சிரிச்சவை கூட," என்றார். அவர் முகத்தில் கசப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை, வழுக்கையைப் போல.

எனக்கு 'ஒருமுகம்' என்ற பெயர் நிலைத்தது. ஒரு கலண்டர்காரர் வேலை தரவில்லை. "உமக்கு ஒரு முகம்தானே வரும், எனக்குப் பன்னிரண்டு மாசத்துக்கும் பன்னிரண்டு முகம் வேணும்" என்றார். காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் என் மானம் திரும்பி வந்திருக்கும். ஆனால் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் அந்த மனிதரின் பக்கம் ஒரு விரல் நீளும். அக்கா சொல்லவில்லை, முதலாளி சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கூச்ச சுபாவம் எனக்கு உதவியது அந்த ஒரு விடயத்தில்தான்.

நாலைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தாள். கொடிகாமம் தேங்காய்க்காரரின் மூத்த மகள் என்றாள். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும் என்றாள். உங்களுக்குத் தெரிந்ததுதான், இறந்தவரின் படமும் வரலாறும் தேவாரமும் போட்டு வீட்டுக்காரர் கொடுக்கும் சின்னப் புத்தகம். பொருளாதாரத் தடையால் அப்போது கடதாசி கிடையாது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அடித்துக்கொண்டிருந்தோம்.

"என்ன நடந்தது, பிள்ளை?" என்று அக்கா கேட்டார்.

"நெஞ்சுவருத்தம். முதல் நாளும் சந்தைக்குப் போட்டு வந்தவர். தன்ரை கட்டிலிலைதான் போனவர்."

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். தன் கட்டிலில் இறப்பது அந்த வருடங்களில் சின்ன விடயம் இல்லை.

படம் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் அடையாள அட்டையைக் காட்டினாள். பிறகு அதை மூடினாள். "இது வேண்டாம். இதிலை ஐயா பயந்துகொண்டு இருக்கிறார்." பையிலிருந்து நூலால் கட்டிய ஒரு புத்தகக் கட்டை எடுத்தாள். எங்கள் படக்கதைகள், ஒன்று தவறாமல். கூரை முகட்டில் செருகி வைத்திருந்தார்களாம். நாலாம் புத்தகத்தை நான் விரிக்கப் போனேன். அவள் தடுத்து மூன்றாம் புத்தகத்தை எடுத்து எட்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"மற்றதெல்லாம் ஐயாவின்ரை முகம்," என்றாள். "இதுதான் ஐயா."

எவ்வளவு நாள் எடுக்கும் என்று கேட்டாள். கொஞ்சம் இருந்தால் கையோடு கொண்டு போகலாம் என்றேன். அந்த முகத்தை வெட்ட எனக்குப் படம் பார்க்கத் தேவையில்லை. சேர்வேயர் ஐயாவை விட்டேன், சந்தையை விட்டேன். சேர்ந்த புருவம், கோணிய மூக்கு, நீக்கல் பல், சிரிப்பு. கழுத்துக்குக் கீழே வந்தபோது கத்தியை நிறுத்தினேன்.

"கையிலை மாலை இருக்கு, பிள்ளை. அதை என்ன செய்ய?"

"அதை அவருக்கே போடுங்கோ," என்றாள்.

போட்டேன். கட்டையை அச்சில் வைக்கும்போதுதான், முகத்துக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக இருப்பதைக் கண்டேன். அந்த முகத்தை நூறு தரத்துக்கு மேல் வெட்டியிருக்கிறேன். பெயர் எனக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்கவில்லை. அவளிடம் கேட்டேன். ஈய எழுத்துக் கோப்பது என் வேலை இல்லை. ஆனால் அன்று கோப்பவரை விலகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நானே கோத்தேன். நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

முருகேசு கனகசபை.